கராஜ் டோர் சாயங்காலம் மட்டும் மூட மாட்டேங்குது, சென்சாரை எடுத்துடலாமா? (பெங்களூரு)

மேற்குவாசல்_வாடகைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். ராமமூர்த்தி நகர்ல 30க்கு 40 சைட்ல ஒரு தனி வீட்டுக்கு வாடகைக்கு வந்திருக்கோம், மேற்கு பார்த்த வாசல். ஓனர் வெளிநாட்ல இருந்துட்டு வந்து கட்டினவரு, அதனால கார் நிறுத்துற இடத்துக்கு ஷட்டர் போடாம, பலகை பலகையா மடிஞ்சு மேல ஏறி சீலிங்குக்கு கீழ படுத்துக்குமே அந்த மாதிரி கதவு, மோட்டார், ரிமோட் எல்லாம் போட்டு வெச்சிருக்காரு. காலைல ஒழுங்கா மூடுது. சாயங்காலம் அஞ்சு அஞ்சரைக்கு மூடினா கொஞ்சம் இறங்கிட்டு திரும்ப மேல போயிடுது, மோட்டார்ல இருக்கிற லைட் மினுக்கு மினுக்குன்னு அடிக்குது. சுவத்து பட்டனை விடாம அமுக்கி பிடிச்சா மட்டும் மூடுது.

ஓனர் அனுப்பின மெக்கானிக் வந்து பார்த்துட்டு, கீழ ரெண்டு பக்கமும் இருக்கிற சென்சார்தான் தொல்லை, ரெண்டையும் கழட்டி மேல மோட்டார் கிட்ட ஒன்னை ஒன்னு பார்க்கிற மாதிரி கட்டி விட்டுடறேன், அப்புறம் பிரச்சனையே வராதுங்கறாரு. வீட்ல நாலு வயசு பொண்ணு இருக்கா. கதவு இறங்குறப்ப குனிஞ்சு ஓடுறது தெரு பசங்களுக்கே ஒரு விளையாட்டா போச்சு. செய்ய சொல்லலாமா? இந்த கதவு ஆளு மேல இறங்காதுன்னு நாமளே எப்படி டெஸ்ட் பண்றது?

கேட்மோட்டார்_ஒசூர்

எடுக்க விடாதீங்க சார். நான் கேட், ஷட்டர் மோட்டார் வேலைதான் பண்றேன், இந்த ட்ரிக்கை நிறைய வீட்ல பார்த்திருக்கேன். பத்து நிமிஷ வேலை, திரும்ப கம்ப்ளைன்ட் கால் வராது, மெக்கானிக்குக்கு நிம்மதி. ஆனா அதுக்கப்புறம் கீழ குழந்தையே படுத்திருந்தாலும் அந்த ரெண்டு கண்ணும் மேல இருந்துகிட்டு வழி கிளியர் வழி கிளியர்னு மோட்டாருக்கு சொல்லிட்டே இருக்கும்.

உங்களுக்கு பிரச்சனை வெயில் மாதிரிதான் தெரியுது. ஒரு கண்ணு இன்ஃப்ராரெட் கதிர் அனுப்பும், எதிர்ல இருக்கிறது வாங்கும். வெயில்லயும் அதே இன்ஃப்ராரெட் இருக்கு, சாஞ்ச வெயில் நேரா வாங்குற கண்ணுக்குள்ள அடிச்சா அதுக்கு அனுப்புற கதிர் தெரியாம போயிடும், உடனே நடுவுல ஏதோ நிக்குதுன்னு எடுத்துக்கும். மேற்கு வாசல்ல, அதுவும் கார்த்திகை மார்கழில சூரியன் தென்மேற்குல சாயுறதால, வடக்கு பக்க சுவத்துல இருக்கிற கண்ணுக்குதான் அடி. அது வாங்குற கண்ணான்னு பாருங்க. நிறைய மாடல்ல வாங்குறதுல பச்சை லைட்டும் அனுப்புறதுல மஞ்சள் லைட்டும் இருக்கும். சாயங்காலம் ஒரு அட்டையை வெச்சு அதுமேல நிழல் மட்டும் விழ வைங்க, கதிரை மறைச்சிடாதீங்க, அப்ப ரிமோட்ல மூடுச்சுன்னா கன்ஃபர்ம். ரெண்டு கண்ணையும் பக்கம் மாத்தி போட்டா தீர்ந்தது. மாத்த வழி இல்லைன்னா வாங்குற கண்ணு முன்னாடி விரல் நீளத்துக்கு பிவிசி பைப் துண்டு ஒன்னு மாட்டி விடுங்க, பக்கவாட்டு வெயில் உள்ள போகாது. அதுக்கு முன்னாடி லென்ஸை ஈரத்துணில துடைச்சு ஒட்டடை எடுத்துட்டு, பச்சை லைட் நடுங்காம எரியுதான்னு பாருங்க. நடுங்கினா கண்ணு ரெண்டும் நேருக்கு நேர் இல்லை, சைக்கிள் இடிச்சு திரும்பியிருக்கும்.

பட்டனை அமுக்கி பிடிச்சா மூடுறது ரிப்பேர் இல்ல சார். கண்ணு வேலை செய்யலைன்னா ஒரு ஆள் நின்னு பார்த்துகிட்டேதான் மூடணும்னு வேணும்னே அப்படி வெச்சிருக்காங்க.

டெஸ்ட் விஷயத்துக்கு வர்றேன். இதுல ரெண்டு பாதுகாப்பு தனித்தனியா இருக்கு, ஒன்னு வேலை செஞ்சா இன்னொன்னும் செய்யும்னு நினைச்சுடாதீங்க. கண்ணு ஒரே ஒரு கோட்டைத்தான் பார்க்கும். அது தரையிலேர்ந்து ஆறு இஞ்சுக்கு மேல இருக்கவே கூடாது, தவழ்ற குழந்தை கூட மாட்டணும்ல. ஆனா அந்த கோட்டுல படாம கார் டிக்கி மட்டும் வெளிய நீட்டிட்டு இருந்தா கண்ணுக்கு ஒன்னும் தெரியாது. அங்கதான் ரெண்டாவது பாதுகாப்பு, கதவு எதுலயாவது இடிச்சா தானா திரும்பணும்.

கண்ணை டெஸ்ட் பண்ண கதவு இறங்கும்போது நீங்க உள்பக்கம் தள்ளி நின்னு தொடைப்பத்தை நீட்டி கதிரை மறைங்க, கை காலை நீட்டாதீங்க. உடனே நின்னு மேல போகணும். இடிக்கிற டெஸ்டுக்கு ஒன்றரை இஞ்சு தடிமன் மரக்கட்டையை கதவுக்கு நேர் கீழ நடுவுல படுக்க வெச்சு மூடுங்க, தொட்ட ரெண்டு செகண்டுக்குள்ள திரும்பணும். திரும்பாம கட்டையை அழுத்திட்டு நின்னா லிமிட் செட்டிங் (கதவு எங்க வந்து நிக்கணும்கிறது) தப்பு, இல்ல ஃபோர்ஸ் (மோட்டார் அழுத்துற பலம்) அதிகம். கீழ் லிமிட் தப்பா இருந்தா மோட்டார் அந்த கட்டையையே தரைன்னு நினைச்சுக்கும். அதனாலதான் இவ்வளவு தாழ்ந்த கட்டை, பக்கெட்டை கவுத்து வெச்சு பார்த்தா இந்த தப்பு தெரியாது. செட்டிங் மாத்தினா கண்டிப்பா திரும்ப டெஸ்ட். மாசம் ஒரு தடவை ரெண்டையும் பார்த்துடுங்க, கால் மணி நேரம் கூட ஆகாது.

கம்மனஹள்ளி_மாமா

தம்பி ரொம்ப பயமுறுத்தாதீங்க. எங்க வீட்ல மோட்டார் ரோலிங் ஷட்டர், சென்சாரே கிடையாது, வருஷக்கணக்கா ஓடுது, ஒன்னும் ஆகல. இதெல்லாம் வெள்ளைக்காரன் கேஸ் போடுவாங்கன்னு பயந்து வெச்சது. பசங்களை அதட்டி வெச்சா போதும்.

அல்சூர்_லக்ஷ்மி

மாமா, கேஸுக்கு பயந்து வெச்சது இல்ல, குழந்தைங்க மாட்டி செத்ததுக்கு அப்புறம் வெச்சது. அமெரிக்கால 1990ல சட்டம் போட்டு, 1993 ஜனவரிலேர்ந்து தயாரிக்கிற வீட்டு கராஜ் மோட்டாருக்கு கண்ணோ, கதவு ஓரத்துல தொட்டா உணர்ற பட்டையோ கட்டாயம்னு ஆக்கினாங்க. நாலு வயசு குழந்தையை அதட்டினா எவ்வளவு நேரம் ஞாபகம் இருக்கும்னு உங்களுக்கு தெரியாததா.

உங்க ஷட்டர்ல சென்சார் இல்லைன்னா ரிமோட்டை டிராயர்ல போட்டுட்டு, பட்டனை அமுக்கி பிடிச்சா மட்டும் இறங்குற மாதிரி மாத்திக்கோங்க. கைய எடுத்தா நிக்கணும். பட்டன் ஷட்டர் முழுசா கண்ணுல படுற இடத்துல, அஞ்சடிக்கு மேல இருக்கணும். தெரு முனைலேர்ந்து ரிமோட்டை அமுக்கிட்டு அப்படியே போறவங்களை பார்த்தாதான் எனக்கு வயித்தை கலக்கும்.

ஸ்லைடிங் கேட் வெச்சிருக்கறவங்களும் ஒரு தடவை பாருங்க. எங்க அபார்ட்மெண்ட் கேட் மோட்டார் மூடியை திறந்து பார்த்தா சென்சார் ஒயர் வர வேண்டிய ரெண்டு பாயிண்டுக்கு நடுவுல விரல் நீளத்துக்கு ஒரு சிவப்பு ஒயரை வளைச்சு மாட்டி வெச்சிருந்தாங்க. கம்பத்துல சென்சார் அழகா நிக்குது, லைட் கூட எரியுது, ஆனா கேட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. தொடைப்பத்தை நீட்டி பார்த்தப்பதான் தெரிஞ்சுது. அதோட கேட் ஓடுற ரெண்டு முனைலயும் ஸ்டாப்பர் இருக்கா, கேட்டை நிமிர்த்தி பிடிக்கிற மேல் ரோலர் ஆடாம இருக்கான்னும் பார்த்துடுங்க. ஸ்டாப்பர் இல்லாத கேட் ட்ராக்கை விட்டு வெளிய வந்தா அப்படியே ஆள் மேல சாயும், அது சென்சார் இல்லாததை விட பெரிய ஆபத்து.

மேற்குவாசல்_வாடகைக்காரன்

ரொம்ப நன்றி. வடக்கு பக்கம் இருக்கிறதுதான் பச்சை லைட், சொன்ன மாதிரியே இருக்கு. அட்டையால நிழல் வெச்சதும் மூடிடுச்சு, மெக்கானிக்கை கூப்பிட்டு பக்கம் மாத்த சொல்லிட்டேன், கொஞ்சம் முணுமுணுத்தாரு ஆனா மாத்திட்டாரு. தொடைப்பம் டெஸ்ட் பாஸ். கட்டை டெஸ்ட்ல திரும்புது, ஆனா தொட்டதும் டங்குனு அடிச்சிட்டுதான் திரும்புது, கதவு வெயிட்டா இருக்கிற மாதிரி தோணுது. இன்னொன்னு, இங்க மழை வந்தாலே கரண்ட் போயிடும், அப்ப கார் உள்ள மாட்டிக்கிட்டா மோட்டார் கிட்ட தொங்குற அந்த சிவப்பு கயிறை இழுக்கலாமா?

கேட்மோட்டார்_ஒசூர்

ரெண்டுக்கும் அந்த கயிறுதான் பதில். கதவு முழுசா கீழ மூடியிருக்கும்போது மட்டும் இழுங்க. மேல நிக்கும்போது இழுத்தா, ஸ்பிரிங் வீக்கா இருந்தா கதவு மொத்தமா கீழ வந்துடும். இழுத்ததும் மோட்டார் கழண்டுக்கும், கையால தூக்கலாம். இடுப்பு உயரத்துக்கு தூக்கி கையை லேசா தளர்த்துங்க, முழுசா விட்டுடாதீங்க, அடில காலும் வைக்காதீங்க. கதவு அங்கயே நின்னா பேலன்ஸ் சரி. கீழ வழுக்கினா ஸ்பிரிங் தளர்ந்துடுச்சு, மோட்டார்தான் அத்தனை வெயிட்டையும் இழுத்து இறக்குது, அந்த டங்குக்கு காரணம் அதுவா இருக்கலாம்.

கதவுக்கு மேல குறுக்கு கம்பில சுத்தியிருக்கிற ஸ்பிரிங்கை மட்டும் நீங்களும் தொடாதீங்க, சென்சாரை மேல கட்டறேன்னு சொன்ன ஆளையும் தொட விடாதீங்க. முறுக்கு ஏத்தி வெச்சது, கழண்டா கையை உடைச்சிடும். கதவோட கீழ் மூலைல கேபிள் மாட்டியிருக்கிற பிராக்கெட் நட்டும் அப்படித்தான். சாதாரண ஸ்பிரிங் சுமார் 10,000 தடவை ஏறி இறங்குறதுக்குதான் செஞ்சிருப்பாங்க, நாளைக்கு நாலு தடவைன்னா ஏழு வருஷம் கிட்ட. வீடு கட்டி எத்தனை வருஷம்னு ஓனர்கிட்ட கேளுங்க, அந்த கணக்கை சொன்னாலே செலவு யாருதுன்னு அவருக்கு புரியும்.

நீங்களே பண்ணக்கூடியது, கீல், ரோலர், ஸ்பிரிங் மேல சிலிகான் ஸ்ப்ரே இல்ல வெள்ளை லித்தியம் கிரீஸ், அதுவும் மூடின நிலைல மோட்டார் பிளக்கை பிடுங்கிட்டு. ரோலர் ஓடுற ட்ராக்ல கிரீஸ் வேண்டாம், நம்ம ஊர் தூசிக்கு சேறா கட்டிடும், துணில துடைச்சா போதும். கரண்ட் வந்ததும் கயிறை திரும்ப மாட்டி ஒரு தடவை முழுசா ஏத்தி இறக்கி லாக் ஆயிடுச்சான்னு பாருங்க. மாட்டாம விட்டா யாரு வேணா வெளிய இருந்து கையால தூக்கிடலாம்.

கம்மனஹள்ளி_மாமா

சரிம்மா லக்ஷ்மி, அந்த அமுக்கி பிடிக்கிற பட்டனுக்கு மோட்டாரையே மாத்தணுமா, இல்ல இருக்கறதுலயே பண்ணலாமா?

கேட்மோட்டார்_ஒசூர்

ஷட்டருக்கு பக்கவாட்டுல மாட்டுற சைடு மோட்டார்னா பெரும்பாலும் கண்ட்ரோல் பாக்ஸ்ல ஒயரிங் மாத்தினாலே ஆயிடும் மாமா. மோட்டார்ல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை ஒரு போட்டோ எடுத்து போடுங்க, பார்த்து சொல்றேன்.