டிஸ்கஸ் மீன் தொட்டியில செடி வைக்க வழி சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே, கடலூர் மஞ்சக்குப்பத்துலேருந்து எழுதுறேன். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 2 அடி உயரத்துல தொட்டி வாங்கியாச்சு. 340 லிட்டர் பிடிக்கும். ஆறு டிஸ்கஸ் விட ஆசை, செடியும் வேணும்.

எங்க போர் தண்ணியில டிடிஎஸ் (கரைஞ்சிருக்கிற உப்போட அளவு) 900-க்கு மேல காட்டுது. காய்ச்சுற பாத்திரத்து அடியில வெள்ளை வெள்ளையா உப்பு படியும். டிஸ்கஸ் மாதிரி அமேசான் மீனுக்கு இது ஆகாது. ஆர்ஓ தண்ணியோட எந்த அளவுல கலக்குறீங்க?

போன வருஷம் வாங்குன குஞ்சுல ஒண்ணு உடம்பு கறுத்து, கோடெல்லாம் அழுத்தமா தெரிய, ஹீட்டர் பின்னாடியே ஒண்டிக்கிட்டு இருந்துச்சு. தீனியைத் தொடவே இல்ல. அதைப் பறிகொடுத்தது இன்னும் மனசுல கிடக்கு. இந்த முறை வளர்ந்த மீனாத்தான் வாங்குவேன்.

29 டிகிரி சூட்டுல அமேசான் ஸ்வார்டு, அனுபியாஸ் செடிங்க தாங்கும். முன்பக்கம் என்ன நடலாம்? சத்து மண் போடலாமா, இல்ல மெல்லிசா மணல் பரப்பி வேருக்கு உர மாத்திரை போதுமா? மிச்சத் தீனி மண்ணுக்குள்ள அழுகிடுமோன்னு பயம். சூடான தண்ணியில ஆக்சிஜனும் குறையுமே, செடிக்காக கார்பன் டை ஆக்சைடு விடலாமா?

கடலூர், புதுச்சேரி பக்கம் வளர்க்கிறவங்க உங்க தொட்டி படம் போட்டா பெரிய உதவி.