ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் பேடில் அந்தச் சின்ன ஓட்டை எதற்கு?

கேள்வி: பைப்பிங் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. மெயின் பைப்பிலிருந்து பிரியும் பிராஞ்ச் பைப்பைச் சுற்றி, வலுவுக்காக வைக்கும் தகடான பேடில் 6 மி.மீ. ஓட்டை போடச் சொல்கிறார்கள். கசிவு டெஸ்ட் முடிந்ததும் வெல்ட் வைத்து அடைத்துவிடலாமா?

பதில் 1: வெல்ட் வைத்து அடைக்கவே கூடாது. பேடுக்கும் பைப்புக்கும் நடுவே காற்று மாட்டிக்கொள்ளும். வெல்டிங் சூட்டில் அது விரியும், போக வழி வேண்டும். ஓட்டையை மறந்துவிட்டு ஒருமுறை பேடைச் சுற்றி வெல்ட் அடித்தேன். கடைசி அரை அங்குலத்தை மூடும்போது உருகிய உலோகத்தைக் காற்று வெளியே தள்ளியது. அரைத்து அரைத்து மறுபடி அடித்தாலும் அதே இடத்தில் ஊசித்துளை. ஃபோர்மேன் வந்து ஓட்டை போட்ட பிறகுதான் வெல்ட் சரியாகப் பிடித்தது. பிறகு அதே ஓட்டை வழியாகக் காற்று கொடுத்து, சோப்புத் தண்ணீர் பூசிக் குமிழி வருகிறதா என்று பார்த்தோம்.

பதில் 2: பிளாண்ட் ஓடும்போதும் அதற்கு வேலை உண்டு. பேடுக்கு அடியில் உள்ள பிராஞ்ச் வெல்ட் கசிந்தால் முதலில் அங்கேதான் தெரியும். ஆலை பைப்பிங்குக்கான ASME பி31.3 விதித்தொகுப்பு ஓட்டையைப் பக்கவாட்டில் போடச் சொல்கிறது, கிராட்ச் (பிராஞ்சும் மெயின் பைப்பும் சேரும் கவட்டு) பக்கம் கூடாது. பேடு இரண்டு துண்டு என்றால் துண்டுக்கு ஒன்று.

கேள்வி கேட்டவர்: சரி, மழைத்தண்ணீர் உள்ளே போகாதா?

பதில் 1: போகும், உள்ளே துருவும் பிடிக்கும். கிரீஸ் வைத்து அடையுங்கள். கசிவு வந்தால் கிரீஸைத் தானாகத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடும்.