புதுப்பிப்பு: எங்கள் ஊர் அரசுப் பள்ளிக்குப் புதுக் கட்டடம்

பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய எங்கள் ஊராட்சியின் நடுநிலைப் பள்ளியில் நிலவும் இடநெருக்கடி பற்றியும் இற்றுப்போன கட்டடம் பற்றியும் முன்பு எழுதியிருந்தேன். என்ன ஆயிற்று என்று பலர் கேட்டீர்கள்.

பழைய வகுப்பறைகளை இடிக்க உத்தரவு வந்துவிட்டது. காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்த அறைக்குப் பூட்டுப் போட்டாயிற்று. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் பலியானதை மறக்காதவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் இப்போது நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கின்றன. ஒரு பக்கம் வாய்ப்பாடு, மறுபக்கம் செய்யுள்.

புதிதாக எத்தனை அறைகள் என்பதில்தான் பள்ளி மேலாண்மைக் குழுவில் வாதம் வலுத்தது. இன்றைய வருகைப் பதிவேட்டை மட்டும் நம்பிக் கட்டினால் திறப்பு விழாவன்றே இடம் போதாது. கைவசமுள்ள மக்கள்தொகைக் கணக்கோ 2011-இல் எடுத்தது. அதற்குப் பின் எழுந்த அடுக்குமாடிகள் அதில் இல்லவே இல்லை. அங்கன்வாடிப் பதிவேட்டையும் கட்டட அனுமதிகளையும் சேர்த்துக் கணக்கிடச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி வேண்டும் என்கின்றன கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள். ஆகவே புதிய குடியிருப்புப் பக்கம் இரண்டாவது பள்ளிக்குப் புறம்போக்கு நிலம் கேட்டு, அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் கொண்டுவருகிறோம். சர்வே எண் தயாராக இருக்கிறது. ஊர்க்காரர்கள் அவசியம் வாருங்கள்.