எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறியவர்களோடு உங்கள் அனுபவம்

தொடக்கப்பள்ளி ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்:

மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் பாடப்புத்தகத்தைத் தங்குதடையின்றி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பான். அதே பாடத்தில் வரும் ‘தொட்டில்’ என்ற சொல்லை மட்டும் கரும்பலகையில் தனியே எழுதிக் கேட்டபோது, அவன் விரல் ஒற்றைக்கொம்பின் மேலேயே நின்றுவிட்டது. பிறகு கொம்பு, தகரம், துணைக்கால் என்று ஒவ்வொன்றாகத் தடவி, ‘எ… தா…’ என்று இழுத்தான். அதுவரை அவன் வாசித்ததெல்லாம் காதால் கேட்டு மனத்தில் ஏற்றியது என்பது அப்போதுதான் புரிந்தது.

ஆனால் அவன் செய்ததில் ஒரு நியாயம் இருந்தது. ஒலிக்கும்போது மெய் முன்னும் உயிர் பின்னும் வருகின்றன. எழுதும்போதோ கொம்பு முந்திக்கொள்கிறது, ஒகரத்தின் குறி இரண்டாகப் பிரிந்து மெய்யின் இருபுறமும் நிற்கிறது. இடமிருந்து வலமாகப் படி என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, இந்த இடத்தில் மட்டும் மூன்றையும் சேர்த்துப் பார் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. தொடக்க வகுப்புகளுக்கான தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்தபின் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக நிலை பிரித்துக் கற்பிக்கிறோம். நன்றாக ஒப்பிக்கும் பிள்ளை மலருக்குள் போய் அமர்ந்துவிடுவது எளிது. இப்படி மனப்பாடத்துக்குப் பின்னால் மறைந்திருந்தவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தஞ்சாவூர்:

மனப்பாடத்தைக் குற்றவாளியாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. என்னிடம் படித்த ஒரு சிறுமி ‘மை’ என்ற எழுத்தைப் பார்த்ததும் விழிப்பாள். பிறகு விரல் மடக்கி, ம, மா, மி, மீ என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, ஒன்பதாவதில் நிறுத்தி, ‘மை’ என்பாள். தாமதம்தான், ஆனால் யாரையும் கேட்காமல் தானே வந்து சேர்ந்தாள்.

சில யோசனைகளையும் சொல்லிவிடுகிறேன். அகர வரிசையில் தொடங்காமல், எளிய வடிவமுள்ள ட, ப, ம ஆகியவற்றில் தொடங்கினால் படம், மடம், பட்டம் என்று முதல் வாரத்திலேயே பிள்ளை சொல் படித்துவிடும். ணகரத்தையும் னகரத்தையும், லகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்த நாட்களில் அறிமுகப்படுத்தக் கூடாது. ஒன்று நன்றாக ஊறியபின்தான் மற்றது. வீட்டுப் பெரியவர்கள் அகரத்தை ‘ஆனா’ என்றும் இகரத்தை ‘ஈனா’ என்றும் பெயரிட்டுச் சொல்லித்தருவதை, ஒலி பிடிபடும் வரையிலாவது நிறுத்தச் சொல்லுங்கள். குறிலின் பெயரே நெடிலில் தொடங்கினால் பிள்ளை எதை நம்பும்? கடல், தங்கம், அகம் ஆகிய மூன்றிலும் ககரம் மூன்று விதமாக ஒலிப்பதை விதியாகச் சொல்ல வேண்டாம், வாசித்துக் காட்டினால் போதும். ஒரு பிள்ளை உண்மையில் எழுத்துக் கூட்டுகிறதா என்று பார்க்கப் பொருளற்ற சொல்லைக் கொடுங்கள்: ‘பொமுடை’, ‘டீகம்’. யாரும் மனப்பாடம் செய்திருக்க முடியாத சொல்லில் மறைய இடமில்லை.

பிரெயில் கற்பிப்பவர், மதுரை:

ஆசிரியை சொன்ன கொம்புச் சிக்கல் எங்கள் மாணவர்களுக்கு இல்லை. இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1951இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெயிலில் உயிர்க்குறி எப்போதும் மெய்க்குப் பின்னால்தான் வரும். ‘தொ’ என்றால் முதலில் தகரம், அடுத்த கட்டத்தில், அதாவது அடுத்த புள்ளித் தொகுதியில், ஒகரம். ஒலிக்கும் வரிசையே எழுதும் வரிசை.

எங்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. நடுவயதில் பார்வையை இழந்த ஒருவர் என்னிடம் பிரெயில் கற்க வந்தார். வாழ்நாள் முழுவதும் நாளேடு படித்தவர். அச்சில் எழுத்தை எழுதிவிட்டுப் புள்ளி வைக்கிறோம். பிரெயிலிலோ அந்த மெய்ப்புள்ளிக்கான குறி முதலில் வந்து, அடுத்து வருவது மெய் என்று அறிவித்துவிடுகிறது. ‘பக்கம்’ என்ற சொல்லில் அவர் ஒவ்வொரு புள்ளியையும் அதற்கு முந்திய எழுத்தின் தலையில் ஏற்றினார். ‘ப்கக்ம’ என்று, நாவால் உச்சரிக்கவே முடியாத ஒன்று வந்தது. விரலுக்கு ஒவ்வொரு கட்டமும் தெளிவாகத் தெரிந்தது. ஓர் எழுத்தைக்கூட அவர் தவறாக அடையாளம் காணவில்லை. பழைய பழக்கம் ஒன்று புதிய எழுத்துக்குள் புகுந்து எல்லாவற்றையும் ஓரிடம் தள்ளிவைத்திருந்தது. பிறவியிலேயே பார்வையில்லாத பிள்ளைகள் எவரும் இந்த இடத்தில் தடுமாறியதை நான் பார்த்ததில்லை.

வங்கி ஊழியர், கோயம்புத்தூர்:

என் தந்தையார் தலையங்கம்வரை விடாமல் படிப்பவர். என் மகள் அவருக்கு வாட்ஸ்அப்பில் தமிழை ஆங்கில எழுத்தில் அனுப்புவாள். ‘மாலை வந்துடும், பாத்துக்கோங்க தாத்தா’ என்று அனுப்பினாள். மாலையில் வரவிருந்த ஒரு பார்சலைப் பற்றியது அது. அவர் ‘malai’ என்றிருந்த முதல் சொல்லை மழை என்று படித்து, மாடிக்குப் போய்த் துணிகளை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார். மகள் எழுதுகிற முறையில் மலை, மாலை, மழை மூன்றுக்கும் ஒரே ஐந்து எழுத்துகள்தாம். அவளுடைய தோழிகள் யாரும் இதில் குழம்புவதில்லை, ஏனென்றால் என்ன செய்தி வரும் என்பது அவர்களுக்கு முன்னமே தெரியும். குறில் நெடிலையும் லகர ழகரத்தையும் பறித்துக்கொண்டு, பெரியவர்களுக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று இளைஞர்கள் சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சுவடி படிப்பவர், சென்னை:

முந்தைய பதிவர் இளைஞர்களை இவ்வளவு கடிந்துகொள்ள வேண்டியதில்லை. நம் ஓலைச்சுவடிகளே இப்படித்தான் எழுதப்பட்டன. ஓலை கிழியும் என்பதால் பெரும்பாலும் புள்ளி வைக்கமாட்டார்கள். துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். எகரக் குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே வடிவம். என்னோடு பயிலும் மாணவி ஒருவர் ஓர் ஏட்டில் ‘எரிக்கரை’ என்று கண்டு, தீயின் கரை என்று பொருள்கொண்டு நெடுநேரம் போராடினார். அடுத்த வரியில் மதகு வந்தபிறகுதான் அது ஏரிக்கரை ஆயிற்று. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் போன்றவர்கள் ஒவ்வொரு வரியிலும் இந்த வேலையைச் செய்தார்கள். குறைவாக எழுதி நிறைய ஊகிக்க விடுவது தமிழுக்குப் புதிதல்ல.

மருந்தாளுநர், சேலம்:

ஊகிப்பது ஏட்டில் சரி, மருந்துச் சீட்டில் சரியல்ல. சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்கும் ஓர் அம்மா, ஒரு மாதத்து அட்டைகளில் ஒன்றை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார். சீட்டில் 1-0-1 என்று இருந்தது. ‘நடுவுல சைபர் போட்டிருக்காரேப்பா, இந்த மாத்திரை வேண்டாம்னுதானே அர்த்தம்?’ என்று கேட்டார். எண்களை அவர் மிகச் சரியாகப் படித்திருந்தார். முதல் இடம் காலை, இரண்டாவது பகல், மூன்றாவது இரவு என்பது மருத்துவருக்கும் எனக்கும் இடையிலான வழக்கம். அவரிடம் அதை யாரும் சொன்னதில்லை. சீட்டைத் தெளிவாக, முடிந்தவரை கேப்பிட்டல் எழுத்துகளில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016இல் விதி கொண்டுவந்தது. இந்தச் சீட்டு அச்சடித்தாற்போல்தான் இருந்தது. அவருக்கு அதனால் பயனில்லை.

இப்போது மாத்திரை உறையின்மேல் ‘காலை ஒன்று, இரவு ஒன்று’ என்று தமிழில் எழுதுகிறோம். படிக்கத் தெரியாதவர்களுக்குச் சூரியனும் பிறையும் வரைந்து, கீழே அத்தனை கோடுகள் போடுகிறோம். கொடுத்த பிறகு, எப்போது சாப்பிடுவீர்கள் என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லிக் கேட்கிறோம். கூட்டம் அதிகமான மாலை நேரத்தில் இந்தக் கேள்வி ஒன்றுதான் விடுபட்டுப்போகிறது. அதை விடாமல் கேட்க வேறு கடைகளில் என்ன ஏற்பாடு வைத்திருக்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.