இழை: மிதிவண்டியை முந்தும்போது விடும் இடைவெளிக்கு ஒரு சொல்

செ. (சிட்னி):
அன்பர்களே, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநில ஓட்டுநர்களுக்கான துண்டறிக்கை ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 2016 மார்ச் 1 முதல் இங்கே உள்ள விதி இது: வேக வரம்பு 60 கி.மீ. வரை உள்ள சாலையில் மிதிவண்டியை முந்தும் வாகனம் குறைந்தது 1 மீட்டரும், வரம்பு அதற்கு மேல் என்றால் 1.5 மீட்டரும் விட்டுச் செல்ல வேண்டும். அந்த இடைவெளிக்குச் சின்னதாக ஒரு சொல் வேண்டும். 'கடப்பிடைவெளி' என்று போட்டிருக்கிறேன்.

ந. (யாழ்ப்பாணம்):
'கட' என்றால் எங்களுக்குப் பாதசாரிக் கடவைதான் நினைவுக்கு வரும். வீதியைக் குறுக்கறுத்துப் போகும் சைக்கிள் என்று விளங்கிக்கொள்வார்கள். இந்த விதியோ ஒரே திசையில் போகிறவர்களுக்கு உரியது. 'எட்டம்' என்று நல்ல சொல் இருக்கிறதே. 'எட்ட விலகிப் போ' என்று பிள்ளைகளுக்குக்கூடச் சொல்கிறோம்.

பா. (கோவை):
'விலகுதூரம்' என்று வைக்கலாம். ஊறுகாய் போல வினைத்தொகை. யார் விலக வேண்டும் என்ற கேள்விக்கும் பதில் அதிலேயே இருக்கிறது: முந்துகிற ஓட்டுநர். 'ஒதுங்கு' என்று மட்டும் தொடங்காதீர்கள், கடமை சைக்கிள்காரர் தலையில் விழுந்துவிடும்.

கி. (மதுரை):
தூரம் வடசொல். 'விலகுதொலைவு' என்க. எட்டம் தமிழே, ஆனால் அதன் வேரைப் பாருங்கள். எட்டு என்ற வினைக்குக் கை நீட்டித் தொடுதல் என்று பொருள். 'எட்டாக் கனி' கைக்குக் கிட்டாதது. அப்படியானால் எட்டம் என்பது கை போய்ச் சேரும் அளவா, சேராத அளவா? எட்டிப் பார்த்தல், எட்டி உதைத்தல் இரண்டிலும் உடல் நீள்கிறது. எட்ட நிற்றலில் விலகுகிறது. ஒரே வேர் இரு பக்கமும் இழுப்பதைத் தனி இழையில் விரிவாகப் பேச வேண்டும்.

பா.:
ஐயா, 1 மீட்டரைத் தொலைவு என்றால் யார் ஏற்பார்கள்? தொலைவு கண்ணுக்கு எட்டாதது.

செ.:
விலகுதூரத்தில் ஒரு சிக்கல். துண்டறிக்கையின் அதே பக்கத்தில் விதிக்கு ஒரு விலக்கும் வருகிறது: எதிரே தெளிவாகத் தெரிந்து, பாதுகாப்பாக இருந்தால், இடைவெளி விடுவதற்காக நடுக்கோட்டைத் தாண்டலாம், அது தொடர்கோடாக இருந்தாலும். முடியாவிட்டால் வேகத்தைக் குறைத்துப் பின்னால் காத்திருக்க வேண்டும். விலகு, விலக்கு இரண்டும் அடுத்தடுத்த வரியில் வந்தால் அச்சில் ஒரு புள்ளியெழுத்து விழுந்தாலே பொருள் மாறிவிடும்.

இன்னொன்றும் கவனியுங்கள். முதல் வரைவில் '60 கி.மீ. வேகத்தில் சென்றால்' என்று இருந்தது. அது தவறு, 60 என்பது பலகையில் உள்ள வரம்பு. 80 வரம்புள்ள சாலையில் 50-இல் போனாலும் 1.5 மீட்டர்தான்.

ம. (பெர்லின்):
ஜெர்மன் போக்குவரத்து விதியில் இதற்கு 'சைட்டன்அப்ஸ்டாண்ட்' என்று பெயர், நேர்ப்பொருள் பக்க இடைவெளி. 2020 ஏப்ரல் முதல் ஊருக்குள் 1.5 மீட்டர், ஊருக்கு வெளியே 2 மீட்டர். தமிழிலும் 'பக்க இடைவெளி' போதும். எங்கிருந்து எங்கே அளப்பது என்பதையும் அந்தப் பெயரே பாதி சொல்லிவிடுகிறது.

செ.:
அளப்பதுதான் முக்கியம். மிதிவண்டியிலும் ஓட்டுபவரிலும் வலப்பக்கம் அதிகம் நீண்டிருக்கும் நுனியிலிருந்து வாகனத்தின் இடப்பக்க நுனி வரை. பக்கக் கண்ணாடியும் கணக்கில் சேரும். 60 செ.மீ. அகலக் கைப்பிடியில் சக்கரத்துக்கு வலப்பக்கம் 30 செ.மீ. போய்விடும், கண்ணாடி 20 செ.மீ. நீண்டால், சக்கரத்திலிருந்து கதவுக்கு 1 மீட்டர் விட்டவர் உண்மையில் விட்டது அரை மீட்டர். படத்தில் அளவுக்கோட்டைக் கைப்பிடி நுனியிலிருந்தே வரையச் சொல்லிவிட்டேன்.

பா.:
பக்க இடைவெளி என்றால் வண்டி நிறுத்தும்போது விடுவதும் அதுதானே?

செ.:
முதல் இடத்தில் 'முந்தும்போது விடவேண்டிய பக்க இடைவெளி' என்று முழுதாகவும், பிறகு 'பக்க இடைவெளி' என்று சுருக்கியும் போடுகிறேன். ம., பா. இருவருக்கும் இது சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன். மிதிவண்டியா, துவிச்சக்கர வண்டியா என்பதற்கு நேரமில்லை. 'சைக்கிள்' என்றே இருக்கட்டும்.

கி.:
சைக்கிளுக்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.

ந.:
பக்க இடைவெளி விளங்கும், பிழையில்லை. ஆனால் அது வரைபடத்தில் இருக்கும் அளவு. ஸ்டீயரிங் பிடித்திருப்பவருக்குச் சொல்ல வேண்டியது 'எட்டப் போ' என்பதுதான். தலைப்பிலாவது 'சைக்கிளுக்கு எட்டம் விடுங்கள்' என்று போட முடியுமா, செ.? வியாழன் இரவுவரை நேரம் இருக்கிறது.