புதுப்பிப்பு: 3.74-இல் மாட்டின என் வீட்டா

போன மாதம் புலம்பியிருந்தேன்: செகண்ட் ஹேண்டில் வாங்கின பிஎஸ் வீட்டாவை (சோனியின் கையில் பிடித்து விளையாடுகிற கேம் சாதனம்) மருமகன் கேட்காமல் கொள்ளாமல் 3.74 ஃபார்ம்வேருக்கு (சாதனத்தை ஓட்டுகிற மென்பொருள்) அப்டேட் பண்ணிவிட்டான், இனி ஹோம்பிரூ (சோனி அனுமதிக்காத, ரசிகர்கள் எழுதின ஆப்கள்) ஒன்றும் ஏறாது என்று. தப்பாகச் சொல்லிவிட்டேன். சோனி 2019-இல் வீட்டா தயாரிப்பையே நிறுத்திவிட்டு 2022 மே மாதம் 3.74-ஐ விட்டது உண்மைதான், ஆனால் சோனியின் பூட்டைத் திறக்கிற ஹென்லோ என்ற ஹேக் அதிலும் வேலை செய்கிறது, வீட்டாவின் பிரௌசரிலேயே ஏற்றலாம். மூன்று தடவை பிரௌசர் செத்து விழுந்தது, நான்காவதில் ஏறியது.

தொல்லை என்னவென்றால், முழுதாக அணைத்தால் ஹேக் போய்விடும். நிரந்தரமாக நிற்க என்ஸோ என்ற இன்னொரு ஹேக் வேண்டும், அதுவோ 3.60, 3.65 என்ற பழைய ஃபார்ம்வேர் இரண்டில்தான் போகும். சரி என்று, பழைய ஃபார்ம்வேருக்கு இறக்குகிற மொடொரு என்ற ஆப் கொண்டு 3.65-க்கு இறக்கினேன். (தொழிற்சாலையில் போட்ட ஃபார்ம்வேருக்குக் கீழே அது இறக்காது, என்னுடையது பழைய ஓஎல்இடி மொடல், தப்பியது.) திரையில் வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டுகிற பட்டை பாதியில் நிற்கும்போது இங்கே கல்லடியில் கரண்ட் போய்விட்டது! ஃபேன் நின்று, இருட்டில் அந்தச் சின்னத் திரை மட்டும் மினுங்க, கையில் இருப்பது பேட்டரியில் ஓடுகிற சாமான் என்று ஞாபகம் வரவே ஒரு நிமிடம் பிடித்தது.

சோனியின் மெமரி கார்டு விலைக்குப் பயந்து, கேம் போடுகிற துளையில், சாதாரண மைக்ரோ எஸ்டி கார்டு போட விடுகிற எஸ்டி2வீட்டா அடாப்டர் செருகியிருக்கிறேன். டவுனில் வாங்கின 128 ஜிபி மைக்ரோ எஸ்டி போலி, கொஞ்சம் கொப்பி பண்ணியதும் ஃபைலெல்லாம் கெட்டுப்போனது. வேறு கார்டு போட்ட பிறகு சுகம்.

மருமகன் திரும்பக் கேட்கிறான். கொடுப்பேன், வைஃபையை நிறுத்திவிட்டு.