எங்க தெருவுக்கு அகல நடைபாதை வேணுமா, வேண்டாமா?

மாம்பலம்வாசி:
தி.நகர்ல எங்க தெரு நடைபாதையை அகலப்படுத்தப் பேச்சு நடக்குது. பாதிப் பேர் எதிர்ப்பு. எனக்குக் கண்டிப்பா வேணும். அம்மாவுக்கு 72 வயசு. மார்க்கெட் 300 மீட்டர்தான். ஆனா ஒவ்வொரு கேட் முன்னாடியும் கார் ஏற நடைபாதையை உடைச்சு சரிவு போட்டிருக்காங்க. ஏறி ஏறி இறங்க முட்டி தாங்காம அம்மா ரோட்டுல நடக்கிறாங்க. போன மாசம் பைக் கண்ணாடி முழங்கையில இடிச்சுக் கீழே விழுந்துட்டாங்க.

ஜவுளிக்கடை:
அம்மாவை நல்லாப் பாத்துக்கோங்க தம்பி. ஆனா 22 வருஷமா இங்க கடை வெச்சிருக்கேன். வண்டி நிறுத்த இடமில்லேன்னா வர்றவங்க மாலுக்குப் போயிடுவாங்க. துணி மூட்டை இறக்கற லாரி எங்க நிக்கும்? 2019-ல பாண்டி பஜார்ல அகல நடைபாதை போட்டுத் திறந்தாங்களேன்னு சொல்லாதீங்க. அது பெரிய ரோடு, நம்மது 40 அடி.

மாம்பலம்வாசி:
40 அடின்னா 12 மீட்டர் அண்ணே. ரோடு எப்படி அமையணும்னு விதி வகுக்கிற இந்தியச் சாலைக் காங்கிரஸ் (IRC) அமைப்போட விதிப்படி தடையில்லாம நடக்க 1.8 மீட்டராவது வேணும். ரெண்டு பக்கமும் அதை விட்டாலும் 8.4 மீட்டர் மிச்சம். வண்டி போக 6 மீட்டர், மீதியில ஒரு பக்கம் பார்க்கிங். நடைபாதை 15 செ.மீ.க்கு மேல உயரக்கூடாதுன்னும் அதே விதியில இருக்கு. நம்ம தெருவுல முழங்கால் உயரத்துக்குக் கட்டினதாலதான் யாரும் ஏறுறதில்லை. கேட் முன்னாடி நடைபாதை மட்டத்தை மாத்தாம, கார்தான் ஏறி இறங்கணும்.

பூக்காரம்மா மகன்:
சார், நீங்க ரெண்டு பேருமே எங்களை மறந்துட்டீங்க. 2013-ல பாண்டி பஜார் நடைபாதைக் கடைங்களை ஒரு கட்டடத்துக்குள்ள அனுப்பினாங்க. நடந்து போறவங்க கண்ணுல பட்டாத்தான் பூ விக்கும். மாடியேறி யார் முழம் பூ வாங்குவாங்க? ராத்திரி 9 மணிக்கு நம்ம தெருவுல பொண்ணுங்க தைரியமா நடக்கிறாங்கன்னா எங்கம்மா கடை விளக்கும் ஒரு காரணம்.

மாம்பலம்வாசி:
நான் யோசிக்காம விட்டது தப்பு. ரோட்டோரம், மர வரிசையில கடைக்கு இடம் ஒதுக்கணும். 1.8 மீட்டர் அதுக்கு உள்பக்கம்.

ஜவுளிக்கடை:
மரமும் கடையும் வந்தா உங்க கணக்கு இடிக்குது தம்பி. பார்க்கிங்லதான் கை வைப்பீங்க. காலைல 7-லேர்ந்து 9 வரை லாரி நிக்க எழுதிக் குடுத்தா, என் கடைப் படியை நானே உள்ளே இழுத்துக் கட்டுறேன். பைக் நிறுத்தற இடத்தை மட்டும் விடமாட்டேன்.